மானோடு நின்றுவிடாத தோட்டா

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று வேட்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு நம் நாட்டில் வேட்டை குற்றம். ஆகவே நான் சொல்லப்போவது பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்துகொண்டிருக்கிற கதை. அங்கே உரிமம் வாங்கி, பருவம் பார்த்து, இத்தனைதான் சுடலாம் என்ற கணக்குக்கு உட்பட்டு வேட்டை நடக்கிறது. வேட்டை சரியா தவறா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. சுடுகிற தோட்டா எந்த உலோகத்தால் ஆனது என்ற ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஈயமா, ஈயம் இல்லாததா? கேட்பதற்குச் சின்ன விஷயமாக இருக்கும். ஆனால் வட அமெரிக்காவின் மிகப் பெரிய நிலப்பறவை பிழைக்குமா அழியுமா என்பது இன்றைக்கு இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

மானைச் சுட்டதும் அந்தத் தோட்டாவுக்கு என்ன ஆகிறது? அங்கிருந்து தொடங்குவோம்.

மான் வேட்டைக்கான ரைஃபிள் தோட்டாவின் உள்ளே ஈயக் கரு இருக்கும், மேலே மெல்லிய செப்பு உறை இருக்கும். ஒலியைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதலான வேகத்தில் அது பாய்கிறது. உடலில் பட்டதும் அதன் முனை விரிந்து அகல வேண்டும். அப்போதுதான் காயம் பெரிதாகி, விலங்கு அதிக நேரம் துடிக்காமல் சாகும். ஈயம் மென்மையானது என்பதால் நன்றாகவே விரிகிறது. விரியும்போது உதிரவும் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொடியாகவும், மணல் அளவிலும், நெல் அளவிலும் உதிர்ந்து, தோட்டா போன பாதையைவிட்டு ஒரு சாண் தள்ளியும் சதைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரிவது உள்ளே போன ஓட்டை, வெளியே வந்த ஓட்டை, அவ்வளவுதான்.

2009-இல் ஓர் ஆய்வு வந்தது. வட வையோமிங்கில் வேட்டைக்காரர்கள் வழக்கம்போலச் சுட்ட 30 மான்களை, குடல் நீக்கியபின், எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒவ்வொரு மானிலும் உலோகத் துகள்கள் இருந்தன. மிகக் குறைவாக இருந்த மானில் 15, மிக அதிகமாக இருந்த மானில் 409, சராசரி 136 அளவில். இதுவும் குடலும் நுரையீரலும் எடுத்தபிறகு எஞ்சிய உடலில் மட்டும் எண்ணியது. பிறகு அந்த மான்களை இறைச்சி வெட்டித்தரும் கடைகளுக்குக் கொடுத்து, கொத்துக்கறியாகப் பொட்டலம் கட்டி வாங்கினார்கள். 234 பொட்டலங்களையும் எக்ஸ்ரேயில் பார்த்தபோது நூற்றுக்கு 32-இல் துகள் இருந்தது. அந்தக் கறியைப் பன்றிகளுக்குத் தீனியோடு கொடுத்தார்கள். இரண்டே நாளில் பன்றிகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது. துகள் வயிற்றில் சும்மா கிடந்து வெளியே போய்விடும் என்று நினைத்தவர்களுக்கு இது பதில்.

மனிதர்களுக்கு இதனால் என்ன என்று கேட்பீர்கள். வடக்கு டகோட்டா மாநிலத்தில் வேட்டைக்காரர்கள் ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்கு மான்கறி தானம் செய்வது வழக்கம். 2008-இல் அந்தக் கறியில் ஈயத் துகள் இருப்பது தெரிந்து, மாநில அரசு அதை வினியோகிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தொடர்ந்து 738 பேருக்கு இரத்தப் பரிசோதனை நடந்தது. வேட்டைக்கறி சாப்பிடுபவர்களின் இரத்தத்தில் ஈயம் சற்றுக் கூடுதல். அபாய எல்லையைத் தொடவில்லை. நியாயமாக இதையும் சொல்ல வேண்டும், மிகைப்படுத்தக் கூடாது. ஆனால் வாரம் முழுக்க வேட்டைக்கறியை நம்பி வாழும் குடும்பங்களின் கதை வேறு. வட கியூபெக்கில் வாழும் இனுயிட் மக்களின் உணவில் அவர்களே சுடும் பறவைகளும் உண்டு. கனடா 1999-இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவைகளைத் தடை செய்தது. அதன்பிறகு அங்கே பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஈயம் கண்கூடாகக் குறைந்தது. தாயின் தட்டில் இருந்த ரவை, பிறக்காத பிள்ளையின் இரத்தம் வரை போயிருக்கிறது. இந்த ஒரு தகவலே எனக்குப் போதும்.

ஈயத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், துப்பாக்கிக்கு அதைவிடத் தோதான உலோகம் கிடையாது. கனமானது, செப்பைவிட, இரும்பைவிட அடர்த்தி கூடுதல். 327 டிகிரியில் உருகிவிடும், வீட்டு அடுப்பிலேயே உருக்கி வார்க்கலாம். மலிவு. 1782-இல் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாட்ஸ் என்பவர் உருக்கிய ஈயத்தைச் சல்லடை வழியே உயரத்திலிருந்து தண்ணீரில் விழவிட்டு, உருண்டையான ரவைகளைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்காகவே ஊர் ஊருக்குக் கோபுரங்கள் எழுந்தன. அந்தக் கோபுரங்களிலிருந்து வந்த ரவைதான் இருநூறு ஆண்டுகளாக ஏரிகளின் அடியில் போய்ச் சேர்ந்தது.

வாத்து வேட்டைக்கு ரைஃபிள் பயன்படாது. ஷாட்கன்தான், ஒரு தோட்டாவுக்குள் நூறு, இருநூறு ரவைகள். வாத்தின்மேல் படுவது நாலைந்து. மிச்சமெல்லாம் தண்ணீரில் விழுந்து சேற்றில் தங்கும். வாத்துக்குப் பல் இல்லை. தின்ற தானியத்தை அரைக்கச் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்கி, அரைவைப் பையில் வைத்துக்கொள்ளும். ரவையும் அதே அளவு, அதே வடிவம். அதையும் விழுங்கும். பிறகு அந்தப் பை தானியத்தோடு சேர்த்து ஈயத்தையும் அரைக்கிறது, அமிலம் கரைக்கிறது, இரத்தம் எடுத்துக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்து போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் ஈயம் போகிறது. இரத்தச் சிவப்பணு உருவாவது நின்றுபோகும், நரம்பு செத்துப்போகும், இறக்கை தொங்கிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் நாணலுக்குள் ஒதுங்கிச் செத்துக் கிடக்கும். நரியோ கழுகோ எடுத்துப் போய்விடும். யாரும் பார்ப்பதில்லை.

இதை முதலில் வெளியே சொன்னவர்களில் ஒருவர் வேட்டைக்காரர்தான் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல், வேட்டைக்காரர்களுக்கான ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ பத்திரிகையின் ஆசிரியர், தியோடர் ரூஸ்வெல்ட்டின் நண்பர். 1894-இலேயே வாத்துகள் ஈய நஞ்சால் சாவதைப் பற்றித் தன் பத்திரிகையில் எழுதினார். 1959-இல் இல்லினாய்ஸின் ஃபிராங்க் பெல்ரோஸ், அமெரிக்காவின் நீர்ப்பறவைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுதோறும் இதனால் சாகின்றன என்று கணக்கிட்டுக் காட்டினார். நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையைத் தடுக்கும் சட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது 1991-இல். கிரின்னெல் எழுதி 97 ஆண்டுகள் கழித்து. அதுவும் வாத்துக்காக அல்ல. ரவை பட்ட வாத்துகளைத் தின்று அமெரிக்காவின் தேசியப் பறவையான வெண்டலைக் கழுகு சாக ஆரம்பித்தது, வழக்குத் தொடுத்தார்கள், அதனால் வந்தது. ஈயத்துக்குப் பதில் எஃகு ரவை. தடைக்குப் பிறகு 1997-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 14 லட்சம் வாத்துகள் பிழைத்திருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அமெரிக்காவில் வாத்து வேட்டை இன்றும் நடக்கிறது. தடை வந்தால் வேட்டையே அழியும் என்று அன்று சொன்னது நடக்கவில்லை.

ஆனால் அந்தத் தடை நீர்ப்பறவை வேட்டைக்கு மட்டும். மான், பன்றி, அணில் இவற்றுக்கு ஈயத் தோட்டா தொடர்ந்தது. அங்கேதான் கான்டோர் வருகிறது.

கலிஃபோர்னியா கான்டோர் நம் பிணந்தின்னிக் கழுகுகளைப் போலச் செத்ததை மட்டும் தின்னும் பறவை. இறக்கை விரித்தால் ஒன்பதரை அடி. அறுபது ஆண்டுவரை வாழக் கூடியது. ஆறு ஏழு வயதாகி முட்டையிடத் தொடங்கினால், இரண்டு ஆண்டுக்கு ஒரு குஞ்சு, அதற்குமேல் இல்லை. இப்படி மெதுவாகப் பெருகும் இனத்தில் வளர்ந்த பறவை ஒன்று செத்தால், அந்த இடத்தை நிரப்பப் பல ஆண்டுகள் பிடிக்கும். 1982-இல் உலகம் முழுவதும் 22 கான்டோர்கள்தான் மிஞ்சியிருந்தன. மிஞ்சியவற்றையெல்லாம் பிடித்துக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்வது என்று முடிவெடுத்தார்கள். 1987 ஏப்ரல் 19 அன்று, ஏசி-9 என்று பெயரிட்ட கடைசிக் காட்டுப் பறவையையும் பிடித்தார்கள். அன்றைய கணக்கு, கூண்டில் 27, வானத்தில் ஒன்றுமில்லை. கூண்டில் குஞ்சு பொரித்து 1992-இல் மீண்டும் காட்டில் விடத் தொடங்கினார்கள். 1996-இல் அரிசோனாவின் செந்நிறப் பாறைகளிலும் விட்டார்கள். இன்று காட்டிலும் கூண்டிலுமாகச் சேர்த்து ஐந்நூறைத் தாண்டிவிட்டது. அதே ஏசி-9-ஐ 2002-இல் திரும்பப் பறக்க விட்டார்கள்.

கேட்க மகிழ்ச்சியான கதை. ஆனால் காட்டில் விட்ட பறவைகள் சாகத் தொடங்கின, இறந்ததன் காரணம் தெரிந்தவற்றில் ஏறக்குறைய பாதிக்கு ஈயம்தான் காரணம். இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மானைச் சுட்டவர் கறி கெட்டுவிடாமல் இருக்க அங்கேயே வயிற்றைக் கிழித்து, குடல், ஈரல், நுரையீரல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு உடலை மட்டும் எடுத்துச் செல்கிறார். தோட்டா பாய்ந்தது நெஞ்சில். ஆகவே அதிக ஈயம் இருப்பது விட்டுச்சென்ற அந்தக் குவியலில். கான்டோர் வருகிறது. அதுவும் தனியாக வராது. ஒன்று இறங்குவதைப் பார்த்து மற்றவையும் இறங்கும். அவற்றின் வயிற்று அமிலம் கடுமையானது, எலும்பையே கரைக்கும். ஈயத்தைக் கரைப்பதும் எளிது. நஞ்சு ஏறியதும் தீனிப்பை செயலிழந்துபோகும். தின்றது கீழே இறங்காது. தீனிப்பை நிறைய இறைச்சியோடு அந்தப் பறவை பட்டினி கிடந்து சாகும். இதை எழுதிப் படித்தாலே எனக்கு மனம் கனக்கிறது. மலை ஏறிப்போய் அந்தப் பறவைகளை எடுத்து வருபவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

இந்த ஈயம் தோட்டாவிலிருந்துதான் வருகிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள், மண்ணிலிருந்து வரக் கூடாதா என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஈயத்துக்கு ஐசோடோப்புகள், அதாவது எடையில் சற்றே வேறுபடும் அணு வகைகள், உண்டு. எந்தச் சுரங்கத்து ஈயம் என்பதைப் பொறுத்து அவற்றின் விகிதம் மாறும். சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தின் மைரா ஃபிங்கல்ஸ்டைனும் அவருடன் பணியாற்றியவர்களும் கான்டோர்களின் இரத்தத்தில் இருந்த ஈயத்தையும், கடையில் விற்கும் தோட்டாவின் ஈயத்தையும் ஒப்பிட்டு, முக்கியக் காரணம் தோட்டாவே என்று 2012-இல் நிறுவினார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வோர் ஆண்டும் காட்டுக் கான்டோர்களில் ஐந்தில் ஒன்றுக்கு, உடனே சிகிச்சை தர வேண்டிய அளவுக்கு ஈயம் ஏறுகிறது. பிடித்து, இரத்தம் எடுத்து, ஈயத்தை வெளியேற்றும் ஊசி போட்டு, திரும்ப விடுகிறார்கள். இந்தச் சிகிச்சையை நிறுத்தினால் இனம் மறுபடி சரியும். காட்டில் பறக்கும் பறவைதான், ஆனால் மருத்துவமனையை நம்பி வாழ்கிறது.

இந்த இடத்தில் நம் ஊர்க் கதையைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. நம் பிணந்தின்னிக் கழுகுகளை அழித்தது ஈயம் இல்லை. மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோஃபினாக். ஆனால் வழி ஒன்றே. சடலத்தின் மூலமாக நஞ்சு போனது. 2004-இல் கண்டுபிடித்து, 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்வதற்குள் மூன்று இனங்களில் பெரும்பகுதி போய்விட்டது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருப்பவற்றை இன்றும் எண்ணிக் காக்கிறோம். அந்த அழிவுக்கு எத்தனை சடலங்களில் மருந்து இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டபோது வந்த விடை, நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

கான்டோருக்கும் அதே கணக்குதான். அது ஓராண்டில் 75 முதல் 150 சடலங்களில் இரை எடுக்கலாம் என்கிறார்கள். குறைந்ததையே எடுத்துக்கொள்வோம். இருநூறு சடலத்தில் ஒன்றில் மட்டும் ஈயம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டில் 750 சடலம். அதில் மூன்று நான்கு முறை நஞ்சு. அறுபது ஆண்டு வாழ வேண்டிய பறவை இதை எப்படித் தாங்கும்? அதனால்தான் அரிசோனா வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் ஈயத்திலிருந்து மாறிவிட்டார்கள் என்ற செய்தி எனக்கு நிம்மதி தரவில்லை. செத்ததைத் தின்னும் பறவைக்குப் ‘பெரும்பாலும்’ போதாது.

எப்படி மாறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அரிசோனா சட்டம் போடவில்லை. 2005 முதல், கான்டோர் பறக்கும் கைபாப் பீடபூமியில் மான் வேட்டைக்கு உரிமம் பெற்றவர்களுக்கு மாநில வனவிலங்குத் துறை செப்புத் தோட்டாக்களை இலவசமாகக் கொடுத்தது. ஈயத்தால் சுட்டவர்கள் குடலைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து ஒப்படைத்தால் பரிசுக் குலுக்கலில் பெயர் சேரும். நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒத்துழைத்தார்கள். வேட்டைக்காரர்களின் மனத்தை மாற்றியது எது என்று பார்த்தால், வாதம் இல்லை. தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களை வரிசையாக வைத்து, அவர்கள் கண்ணெதிரே ஈயத் தோட்டா ஒன்றையும் செப்புத் தோட்டா ஒன்றையும் சுட்டுக் காட்டுகிறார்கள். செப்பு, முனை நாலு இதழாக விரிந்து, எடை குறையாமல் ஒரே துண்டாகக் கிடைக்கிறது. ஈயத்தில் நசுங்கிய ஒரு துண்டும் அடியில் பொடியும்தான் மிஞ்சும். இதை நடத்துபவர்களும் வேட்டைக்காரர்கள். சக வேட்டைக்காரர் சொன்னால்தான் அந்தச் சமூகம் கேட்கும். அதில் தவறு ஒன்றுமில்லை, நாமும் அப்படித்தான்.

பிரிட்டனில் இதற்கு நேர்மாறு நடந்தது. 2020-இல் அங்குள்ள வேட்டை அமைப்புகள் ஒன்பது சேர்ந்து, ஐந்தாண்டில் ஷாட்கன் வேட்டையில் ஈயத்தைத் தாமாகவே விட்டுவிடுவோம் என்று அறிவித்தன. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கடையில் விற்ற காட்டுக்கோழிகளை வாங்கி, அறுத்து, ரவையை எடுத்துச் சோதித்துக்கொண்டே வந்தார்கள். முதல் பருவத்தில் ஏறக்குறைய எல்லாமே ஈயம். நான்காம் ஆண்டிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஈயம். 2025 ஜூலையில் அரசு தடை விதிக்கப்போவதாக அறிவித்தது. டென்மார்க் 1996-இலேயே எல்லா வேட்டைக்கும் ஈய ரவையைத் தடை செய்துவிட்டது. 2024 ஏப்ரல் முதல் ரைஃபிள் தோட்டாவுக்கும். அங்கே வேட்டை நிற்கவில்லை. எஃகு ரவை மரத்தில் பதிந்தால் அறுவை இயந்திரம் கெடும் என்று காட்டு உரிமையாளர்கள் முறையிட்டார்கள். உண்மையான சிக்கல். அதற்காக பிஸ்மத், டங்ஸ்டன் ரவைகள் வந்தன. சட்டம் வந்தபிறகு தொழில் வழி கண்டது. சட்டத்துக்கு முன் யாரும் தேடவில்லை. ஆகவே என் கருத்து இதுதான்: தோழமையாகச் சொல்லிப் புரியவைப்பதும் வேண்டும், சட்டமும் வேண்டும், இரண்டில் ஒன்றை வைத்து மற்றதைத் தவிர்க்க முடியாது.

எதிர்ப்பவர்களின் காரணங்கள் சிலவற்றில் நியாயம் உண்டு. செப்புத் தோட்டா விலை கூடுதல். எஃகு ரவை ஈயத்தைவிட எடை குறைவு, ஆகவே இரண்டு அளவு பெரிய ரவை வேண்டும். தாத்தா காலத்துத் துப்பாக்கிக் குழலுக்கு அது ஆகாது. தோட்டா மாறினால் குறி பார்த்துத் துப்பாக்கியைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். இவை அனைத்துக்கும் பணமும் பொறுமையும் இருந்தால் தீர்வு உண்டு. தீர்க்கக் கடினமானது சந்தேகம். இன்று ஈயம், நாளை துப்பாக்கி என்று அவர்கள் பயப்படுகிறார்கள். 1937 முதல் தோட்டா, துப்பாக்கி விற்பனை மீதான வரியில்தான் அமெரிக்க மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்பு பெருமளவு நடக்கிறது; காட்டைக் காக்கப் பணம் கொடுத்தவர்களைக் காட்டின் எதிரிகள் என்று பேசினால் கோபம் வரத்தான் செய்யும். 2017 ஜனவரியில் ஒபாமா ஆட்சியின் கடைசி நாளுக்கு முந்தைய நாள், தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் ஈயத்தைப் படிப்படியாக நிறுத்த ஆணை வந்தது. மார்ச்சில் புதிய உள்துறைச் செயலர் பதவியேற்ற கையோடு அதை ரத்து செய்தார். யாரையும் கலக்காமல் போட்ட ஆணைக்கு ஆயுள் ஆறு வாரம்.

இதற்கிடையில் நஞ்சு கான்டோரோடு நிற்கவில்லை. 2022-இல் வந்த ஆய்வு ஒன்று 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்தது. வெண்டலைக் கழுகிலும் பொன் கழுகிலும் ஏறக்குறைய பாதிக்கு எலும்பில் நாட்பட்ட ஈய நஞ்சு. ஜப்பானின் ஹொக்கைடோவில் மான் சடலத்தைத் தின்ற கடற்கழுகுகள் சாவதைக் கண்டு, அந்தத் தீவு 2000-இலேயே மான் வேட்டைக்கு ஈய ரைஃபிள் தோட்டாவைத் தடுத்தது.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டா கூடாது. அமெரிக்க மாநிலங்களில் இதுவே முதல். ஆனாலும் கான்டோர்களின் இரத்தத்தில் ஈயம் தொடர்ந்து வருகிறது. பழைய இருப்பு இருக்கிறது, பண்ணைகளில் அணிலையும் காட்டுப்பன்றியையும் சுடுவது நடக்கிறது. அந்த மாநிலத்தின் வடகோடியில் யூரோக் பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்களுடைய சடங்குகளில் கான்டோருக்கு இடம் உண்டு. அவர்கள் வானத்தில் நூறாண்டுக்கும் மேலாக அது இல்லை. அவர்களே முயன்று, பல ஆண்டுகள் உழைத்து, 2022 மே மாதம் முதல் பறவைகளைப் பறக்க விட்டார்கள். அதற்கும் முன்பிருந்தே தங்கள் வேட்டைக்காரர்களிடமும் அண்டை ஊர்க்காரர்களிடமும் போய் ஈயத்தை விடச் சொல்லிவந்தார்கள். 2025 தொடக்கத்தில் அந்தக் கூட்டத்தில் முதல் சாவு. பரிசோதனையில் காரணம் ஈயம் என்று தெரிந்தது. பறவையின் வயிற்றில் ஏர்கன் குண்டு ஒன்று இருந்தது. துத்தநாகத்திலும் வெள்ளீயத்திலும் செய்த ஏர்கன் குண்டுகள் இப்போதே கடைகளில் கிடைக்கின்றன.